சேம் சைடு கோல் போட்டவர்: கேள்வி-பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ரஷ்யாவுக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் ஒரு டிஃபெண்டர், உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பதோ அவருடைய குதிகாலுக்காக. அவ்வளவுதான். அரசியல், சினிமா, ஆன்மிகம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, வந்த கடிதங்களில் பாதி அந்தக் குதிகாலைப் பற்றியே. ஆகவே இந்த வாரம் பந்து மட்டும். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யார் சார் அந்தக் குதிகால்காரர்? பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! (வியாசர்பாடி வாசகர்)

செர்கேய் இக்னஷேவிச். 1979 ஜூலை 14 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். ஆடியது நடுப் பின்களத்தில், நீங்கள் மைதானத்தில் 'சென்டர் பேக்' என்று கத்துவீர்களே, அந்த இடம். ரஷ்ய அணிக்காக 127 ஆட்டங்கள். அவருக்கு முன்னால் அந்தச் சாதனை விக்டர் ஒனோப்கோவிடம் இருந்தது: 109. ஒனோப்கோவும் டிஃபெண்டர்தான். சோவியத் காலத்துச் சூரர் ஒலெக் பிளோகின் ஆடியதே 112. அவர் ஃபார்வர்டு என்பதால் சிலை மாதிரி நினைவில் நிற்கிறார். இக்னஷேவிச்சைப் பற்றிச் சொல்ல நான் குதிகாலில் தொடங்க வேண்டியிருக்கிறது.

குதிகால் கதையைச் சொல்லிவிடுங்கள், தூக்கம் வரவில்லை. (தஞ்சாவூர் வாசகி)

2018 ஜூலை 1. உலகக் கோப்பையின் நாக் அவுட் சுற்று. மாஸ்கோ லுஷ்னிகி மைதானத்தில் 78,011 பேர். எதிரில் ஸ்பெயின். 12-வது நிமிடம், வலப்பக்கத்திலிருந்து அசென்சியோ ஒரு ஃப்ரீ கிக்கைத் தூக்கி உள்ளே அனுப்புகிறார். தூரத்து போஸ்ட் அருகே செர்ஜியோ ராமோஸ். அவரைக் கட்டிப் பிடித்தபடி இக்னஷேவிச். கபடியில் காலைப் பிடித்தவன் விடமாட்டானே, அந்தப் பிடி. ஆளைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்ததில் பந்துக்கு முதுகைக் காட்டிவிட்டார். இருவரும் சரிய, வந்த பந்து இவருடைய குதிகாலில் பட்டு வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ராமோஸ் தான் அடித்தது போலவே ஓடிக் கொண்டாடினார். ஏட்டில் எழுதப்பட்டதோ இக்னஷேவிச்சின் பெயரில், சேம் சைடு கோலாக. அன்று அவருக்கு வயது 38 வருடம், 352 நாள். உலகக் கோப்பையில் சேம் சைடு கோல் போட்டவர்களிலேயே மூத்தவர் என்ற பெருமையும் இலவச இணைப்பாக வந்து சேர்ந்தது.

கதையின் மறு பாதியைப் பலரும் சொல்வதில்லை. 41-வது நிமிடத்தில் ஸ்பெயினின் பிகே கையில் பந்து பட்டு பெனால்டி. ரஷ்யாவின் ட்சியூபா அடித்து 1-1. கூடுதல் நேரமும் அப்படியே ஓடி ஷூட்அவுட்டுக்குப் போனது. ரஷ்யாவின் இரண்டாவது பெனால்டியை அடிக்க நடந்து வந்தவர் யார்? நம்ம குதிகால்காரர். மைதானம் முழுக்கத் தன் தவறைப் பார்த்த மூன்றாவது மணி நேரத்தில், அதே மைதானத்தில், பந்தை எடுத்து வைத்துவிட்டு அடித்தார். கோல். ரஷ்யா 4-3 என்று வென்றது. கடைசியில் ரஷ்ய கோல்கீப்பர் அகின்ஃபேயெவ் பாய்ந்து விழுந்தபடியே ஸ்பெயினின் ஆஸ்பாஸ் அடித்த பந்தைக் காலால் தட்டியதில் மொத்த நாடும் அந்தக் காலுக்குக் கோயில் கட்டாத குறை. ஒரே ராத்திரியில் ஒரு கால் தெய்வமானது, ஒரு கால் கேலிக்கு ஆளானது. எனக்கென்னவோ, குதிகாலில் பட்டது விபத்து. அதற்குப் பிறகு பெனால்டிக்கு வந்து நின்றதுதான் ஆள்.

38 வயதில் ஒருவரை உலகக் கோப்பைக்கு இழுத்து வருவானேன்? ரஷ்யாவில் ஆளா இல்லை? (கோவை வாசகர்)

ஆள் இருந்தார்கள், முழங்கால்தான் இல்லை. வாசின், ஜிக்கியா என்று தயாராகி வந்த இரண்டு நடுப் பின்கள வீரர்களுக்கும் முழங்கால் லிகமென்ட் போய்விட்டது. மூன்றாவதாக நம்பியிருந்த கம்போலோவும் மே மாதத்தில் காயம்பட்டார். இக்னஷேவிச் 2016 யூரோவோடு தேசிய அணிக்குக் கும்பிடு போட்டிருந்தார். பயிற்சியாளர் செர்செசோவ் அவரைக் கூப்பிட்டது, பொதுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரிட்டயரான கணக்கு வாத்தியாரை வீடு தேடிப் போய் அழைப்பது போல.

அன்றைய ரஷ்ய அணி இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஏழு ஆட்டங்களாக வெற்றி இல்லை. ஃபிஃபா தரவரிசையில் 70-வது இடம்; போட்டியில் இருந்த 32 அணிகளில் கடைசி. நடத்துகிற நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமல் உள்ளே வந்தவர்கள். சொந்த ஊர்ப் பத்திரிகைகளே கருமாதிக்குத் தேதி குறித்திருந்தன. வாத்தியார் வந்தார். முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவுக்கு எதிராக 5-0. அடுத்து எகிப்தை 3-1. மூன்றாவது, உருகுவேயிடம் 0-3 என்று உதை வாங்கியது. அதிலும் ரஷ்யா ஒரு சேம் சைடு கோல் போட்டது. ஆனால் அது செரிஷெவ் கணக்கு. எல்லாப் பழியையும் ஒரே ஆள் தலையில் போட வேண்டாம்.

இக்னஷேவிச் ஆடியது சி.எஸ்.கே.ஏ. என்கிறார்களே, நம்ம சி.எஸ்.கே.வின் கிளையா? (சேப்பாக்கம் வாசகர்)

ஒரு 'ஏ' தான் வித்தியாசம். அந்த 'ஏ' ராணுவம். ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கிளப் என்பதன் சுருக்கம் அது. ரஷ்யர்கள் 'ட்செஸ்கா' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மற்றபடி உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. 2018 மே மாதத்தில், 'அப்பாக்கள் அணி' என்று கிண்டலடிக்கப்பட்ட நம்ம ஆட்கள் ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கினார்கள். அதே மே மாதத்தில்தான் அந்தப் பக்கத்து அப்பாவுக்கும் அழைப்பு போனது.

நான் ரயில்வேயில் 36 வருடம் வேலை பார்த்தவன். இந்த ஆள் லோகோமோட்டிவ் என்ற அணியிலும் ஆடியதாகப் படித்தேன். அது நம்ம ரயில் இன்ஜின்தானே? (பொன்மலை, ஓய்வூதியர்)

அதே இன்ஜின்தான், ஐயா. சோவியத் காலத்தில் கிளப் என்றால் அதற்குப் பின்னால் ஒரு துறை நிற்கும். லோகோமோட்டிவ் ரயில்வேக்காரர்களுடையது. டைனமோ உள்துறை, போலீஸ். டார்பிடோ, ஜில் லாரித் தொழிற்சாலை. இந்தக் கண்ணோடு இக்னஷேவிச்சின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒரு டிராவல் ஏஜென்சி நடத்தியிருக்கலாம்.

தொடக்கம், மாஸ்கோவுக்குக் கிழக்கே ஒரேகோவோ-சுயெவோ என்ற மில் ஊரில், 1998-ல். மரோசோவ் குடும்பத்தின் பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலையை நிர்வகிக்க வந்த சார்னாக் என்ற ஆங்கிலேயக் குடும்பம் தொழிலாளர்களுக்குப் பந்தைப் பழக்கியது. ரஷ்யக் கால்பந்தின் தொட்டில்களில் ஒன்று என்றே சொல்லலாம். அங்கிருந்து 1999-ல் சமாரா நகரத்து 'கிரில்யா சோவெதோவ்'. பெயருக்கு 'சோவியத்துகளின் சிறகுகள்' என்று பொருள். போர்க்காலத்தில் அந்த ஊரில் கூடிய விமானத் தொழிற்சாலைக்காரர்கள் 1942-ல் ஆரம்பித்த அணி. சிறகிலிருந்து இறங்கி 2001-ல் ரயில் ஏறினார்.

அங்கேதான் நீங்கள் ரசிக்க வேண்டிய விஷயம். 2002 லீகில் லோகோமோட்டிவும் சி.எஸ்.கே.ஏ.வும் ஒரே புள்ளியில் வந்து நின்றன. யார் சாம்பியன் என்று முடிவுகட்ட நவம்பர் குளிரில் தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். 'தங்க ஆட்டம்' என்று இன்றும் பெயர். ஆரம்பத்திலேயே லோஸ்கோவ் ஒரு கோல் போட்டார். மீதி நேரம் முழுக்க அந்த ஒன்றைக் காவல் காத்தது பின்களம். 1-0. ரயில்வேக்கு முதல் லீக் பட்டம். பயிற்சியாளர் யூரி சேமின்.

சரியாகச் சொன்னால், அன்று காவல் காத்த வீட்டை விட்டுவிட்டு, தோற்றுப்போன சி.எஸ்.கே.ஏ. வீட்டுக்கே 2004-ல் குடிபோய்விட்டார் மனிதர். பிறகு 2018 வரை அங்கேயேதான்.

ராணுவ அணியின் ரசிகர்களைக் 'குதிரைகள்' என்கிறார்களாமே? (ஈரோடு வாசகர்)

ஆமாம், 'கோனி'. பழைய மைதானம் இருந்த இடத்தில் முன்பு குதிரை லாயம் இருந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எதிராளிகள் வசையாகத் தொடங்கியதை இவர்களே சூடிக்கொண்டார்கள். பொன்மலை ஐயா கவனிக்க: இன்ஜினை விட்டு இறங்கிக் குதிரையில் ஏறியவரும் உண்டு உலகத்தில்.

கோப்பை ஏதாவது ஜெயித்தாரா, இல்லை சும்மா 127 தடவை வந்து போனாரா? (மதுரை வாசகர்)

உள்ளூர் லீக் பட்டம் ஆறு: லோகோமோட்டிவோடு ஒன்று, சி.எஸ்.கே.ஏ.வோடு ஐந்து. ரஷ்யக் கோப்பைகள் தனி. ஆனால் மதுரைக்காரருக்கு மரியாதையாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 2005 மே 18-ஐத்தான் சொல்வேன்.

யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி. இடம் லிஸ்பனில் அல்வலாதே மைதானம். எதிரணி ஸ்போர்ட்டிங். அல்வலாதே யாருடைய மைதானம்? ஸ்போர்ட்டிங்குடையதே! மாப்பிள்ளை வீட்டு மண்டபத்தில் போய் மாப்பிள்ளையைத் தோற்கடிக்க வேண்டிய நிலைமை. 28-வது நிமிடத்தில் ரொஜெரியோ கோல் போட்டார், ஊரே ஆடியது. இடைவேளைக்குப் பிறகு அலெக்சேய் பெரெசுட்ஸ்கி தலையால் ஒன்று, ஷிர்கோவ் ஒன்று, வாக்னர் லவ் ஒன்று. 3-1. கேப்டன் இக்னஷேவிச். ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கிய முதல் ரஷ்ய கிளப் அதுதான். சோவியத் கொடியின்கீழ் கீவும் திபிலிசியும் முன்பே வென்றிருந்தன. ஆனால் அவை உக்ரைனும் ஜார்ஜியாவும்.

அன்று கோல்கீப்பர் அகின்ஃபேயெவுக்கு வயது 19. அவரும் ஷிர்கோவும் இக்னஷேவிச்சும் 13 வருடம் கழித்து, அந்த ஸ்பெயின் ஆட்டத்தில் ஒன்றாகக் களம் இறங்கினார்கள். 2008 யூரோ அரையிறுதியில், வியன்னாவில், இதே மூவரும் இதே ஸ்பெயினிடம் 0-3 என்று தோற்றிருந்தார்கள். அன்றும் எதிரில் ராமோஸ் இருந்தார். ஆக, 2018-ல் நடந்த அந்த மல்யுத்தத்துக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரெசுட்ஸ்கி என்ற பெயரில் இரண்டு பேர் ஆடுவதைப் பார்த்தேன். என் கண்ணாடியில் கோளாறா? (நாகர்கோவில் வாசகர்)

கண்ணாடி சரியாக இருக்கிறது. வசிலி, அலெக்சேய். இரட்டையர், 1982-ல் பிறந்தவர்கள். சி.எஸ்.கே.ஏ. பயிற்சியாளர் கஸ்ஸாயெவ் மூன்று நடுப் பின்கள வீரர்களோடு ஆடவைத்த காலத்தில் நடுவில் இக்னஷேவிச், இரு பக்கமும் இவர்கள். பின்னால் அகின்ஃபேயெவ். கிளப்பிலும் இதே நால்வர், தேசிய அணியிலும் பல வருடம் இதே நால்வர்தான். புதுப் பையன்களுக்கு வாசல் திறக்கவே இல்லை என்று ரஷ்ய ரசிகர்கள் திட்டியது இவர்களை வைத்துத்தான். திட்டில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்குப் பதில், 2018-ல் அவர்கள் தேடியபோது கிடைத்த ஆள் யார் என்பது.

சளி மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டாராமே? (சிவகாசி வாசகர்)

2009 நவம்பர் 3, ஓல்டு ட்ராஃபோர்டு. மான்செஸ்டர் யுனைடெட்டோடு 3-3. ஆட்டம் முடிந்து எடுத்த பரிசோதனையில் இக்னஷேவிச்சுக்கும் அலெக்சேய் பெரெசுட்ஸ்கிக்கும் சூடோஎஃபெட்ரின் தெரிந்தது. மூக்கடைப்பு மருந்தில் இருக்கும் சமாசாரம். மருந்து கொடுத்ததைக் கிளப்பின் மருத்துவப் பிரிவு படிவத்தில் எழுத மறந்துவிட்டது. இருவருக்கும் ஓர் ஆட்டத் தடை. விசாரணை நேரத்தில் உட்காரவைக்கப்பட்டதிலேயே அது கழிந்தும் போனது. அணியோ அந்தப் பருவம் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை போனது. தும்மலுக்கும் படிவம் நிரப்ப வேண்டிய வேலை அது.

என் பையனை அகாடமியில் டிஃபென்ஸில் போட்டுவிட்டார்கள். ஃபார்வர்டாக மாற்றச் சொல்லிச் சண்டை போடட்டுமா? (சேலம், ஒரு அம்மா)

வேண்டாம்மா. ஃபார்வர்டு ஓடிப் பிழைக்கிற ஜாதி. கால் போனால் கடை மூட வேண்டும். நடுப் பின்கள வீரருக்கு மூலதனம் நிற்கிற இடம். எதிராளியின் பந்து எங்கே வரும் என்று இரண்டு நொடி முன்னால் தெரிந்துவிட்டால் ஓடவே தேவையில்லை, அங்கே போய் நின்றால் போதும். பக்கத்து ஆள் முன்னால் பாய்ந்தால் இவர் பின்னால் இறங்க வேண்டும். நாலு பேரும் ஒரே கோட்டில் முன்னேறினால் எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவான். நாலில் ஒருவர் ஓரடி தூங்கினால் கதை முடிந்தது. இந்த வித்தை முப்பதுக்கு மேல்தான் பழுக்கிறது. இக்னஷேவிச் 38 வயதில் ஆர்சனலோடு யூரோப்பா லீக் காலிறுதிக்காக லண்டன் போய்வந்த கையோடுதான் உலகக் கோப்பைக்கு வந்தார்.

இன்னொன்று. அவர் வெறும் உடைக்கிற ஆள் இல்லை. நீளமாக, அளவாகப் பந்து அனுப்புவார்; ஃப்ரீ கிக் அடிப்பார்; பெனால்டி அடிப்பார். தேசிய அணிக்காக எட்டு கோல் போட்டிருக்கிறார். உங்கள் பையனுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்: நிற்கவும், அடிக்கவும். மூன்றாவதாக, ஆளைப் பிடிக்கும்போது பந்தையும் ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பெயின் அன்று ஆயிரம் பாஸ் போட்டதாமே, எப்படித் தோற்றது? (திருநெல்வேலி வாசகர்)

ஆயிரத்துக்கும் மேல் போட்டது. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் மாற்றி மாற்றிப் பலகாரம் கொடுத்தார்கள். நம் வீட்டுக்குள் வரவில்லை. செர்செசோவ் பின்னால் ஐந்து பேரை நிறுத்திவிட்டார்: நடுவில் குதெப்போவ், இக்னஷேவிச், குத்ரியாஷோவ், ஓரங்களில் ஃபெர்னாண்டஸும் ஷிர்கோவும். பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். இரவு ஏழரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் நான் இரண்டு முறை தூங்கி எழுந்தேன். இரண்டு முறையும் பந்து அதே இடத்தில் இருந்தது.

குரோஷியாவோடு? (புதுச்சேரி வாசகர், அஞ்சல் அட்டையில் இந்த ஒரே சொல்)

அடுத்த சுற்று, ஜூலை 7, சோச்சி. 2-2. ஷூட்அவுட்டில் 3-4. இக்னஷேவிச் தன் பெனால்டியை மறுபடி அடித்தார். 115-வது நிமிடத்தில் கோல் போட்டு ரஷ்யாவைப் பிழைக்கவைத்த ஃபெர்னாண்டஸ், ஷூட்அவுட்டில் வெளியே அடித்தார். நம் ஊர் நேரம் இரண்டைத் தாண்டிவிட்டது. டிவியை அணைத்த பிறகும் அவர் முகம்தான் கண்ணில் நின்றது. இரண்டு நாள் கழித்து இக்னஷேவிச் ஓய்வை அறிவித்தார். 14-ஆம் தேதி 39-வது பிறந்த நாள். மறுநாள் லுஷ்னிகியில் இறுதி ஆட்டம். அதில் இறங்கியது குரோஷியா.

127 என்ற சாதனையை யாராவது முறியடிப்பார்களா? (கும்பகோணம், கணக்கு ஆசிரியர்)

சார், நீங்களே கூட்டிப் பாருங்கள். அடுத்த இடங்களில் இருப்பவர்களில் அகின்ஃபேயெவ் 111-லும் வசிலி பெரெசுட்ஸ்கி 101-லும் தேசிய அணியை விட்டுவிட்டார்கள். 2022 பிப்ரவரி 28-ல், உக்ரைன் மீது படையெடுத்து நாலு நாள் கழித்து, ரஷ்ய அணிகளை ஃபிஃபாவும் யூஈஎஃப்ஏவும் தடை செய்தன. அதற்குப் பின் அவ்வப்போது நட்பு ஆட்டங்கள்தான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று இல்லை, யூரோ இல்லை. வருடத்துக்குக் கைவிரல் எண்ணிக்கையில் ஆடி 128-க்கு வர ஒருவர் பள்ளிக்கூடத்திலேயே தொடங்க வேண்டும். சாதனையைப் பாதுகாப்பதும் டிஃபென்ஸ்தான், ஆனால் இந்த முறை காவல் நிற்பது அவர் இல்லை. நிற்கிற காரணமும் யாரும் கைதட்டக் கூடியது இல்லை.

இப்போது என்ன செய்கிறார்? (திருப்பூர் வாசகர்)

பயிற்சியாளர் ஆனார். முதலில் மாஸ்கோ டார்பிடோ. மூன்றாம் டிவிஷனில் கிடந்த அந்த லாரித் தொழிற்சாலை அணியை 2019-ல் இரண்டாவதுக்கு ஏற்றினார். பிறகு கலினின்கிராடின் பால்டிகா. ஆகாயம், ரயில், குதிரை, லாரி, கடைசியில் கடல். 2023-ல் பால்டிகாவை மேல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். மறு வருடமே அணி கீழே இறங்கியது. அதே பருவத்தில் ரஷ்யக் கோப்பை இறுதிவரை போய் ஜெனித்திடம் 1-2 என்று தோற்றது. ஒரு கையால் கோப்பை இறுதி, மறு கையால் தரமிறக்கம். மனிதருக்கு எல்லாமே ஜோடியாகத்தான் வரும் போலிருக்கிறது.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் பந்து ஆடியதுண்டா? எந்த இடத்தில்? (அதே வியாசர்பாடி வாசகர்)

உண்டு. தெருவில். பந்துக்குச் சொந்தக்காரன் ஃபார்வர்டு, அவன் தம்பி இன்னொரு ஃபார்வர்டு. எங்கள் கோல்போஸ்ட் இரண்டு செருப்பு, இரண்டும் என்னுடையவை. அதனால் அணியில் எனக்கு நிரந்தர இடம் இருந்தது.